கண்டியைப் பிடித்த கதையும் லேன் கார்டைப் பிடித்த கதையும்

கண்டியைப் பிடிக்க வெள்ளைக்காரனுக்கு 221 வருடம் ஆனது. 1594இல் போர்த்துக்கீசன் தொடங்கினான். நடுவில் ஒல்லாந்தன் வந்து கையைச் சுட்டுக்கொண்டான். 1815இல் ஆங்கிலேயன் முடித்துவைத்தான். அதே கண்டி நகரத்தில், 2000ஆம் ஆண்டு கழிந்த கையோடு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கொம்பியூட்டரில், அதை நெட்வேர்க்கோடு இணைக்கும் ஒரு லேன் கார்டை வேலைசெய்ய வைக்க அவ்வளவு காலம் ஆகவில்லை. ஆனதுபோல இருந்தது, அவ்வளவுதான்.

இந்த இரண்டு போரையும் ஒரே மூச்சில் சொல்ல ஆளில்லை. சரித்திரம் படித்தவர்களுக்கு ஐ.ஆர்.கியூ. தெரியாது. ஐ.ஆர்.கியூ. தெரிந்தவர்களுக்கு 1803 தெரியாது. இரண்டும் தெரியாதவர்கள் நாட்டை ஆளப் போய்விட்டார்கள். ஆகவே வேலை என் தலையில் விழுந்தது. நான் பார்த்தவரை இரண்டும் ஒரே கதை. உதைத்துத் திறக்கப் பார்த்தவன் எல்லாம் கால் முறிந்து திரும்பினான். உள்ளே இருந்தவன் வழி சொன்ன அன்றைக்குத்தான் கதவு திறந்தது.

முட்கதவுக் கொள்கை

கண்டி மன்னர்களிடம் வீதி அபிவிருத்தி அதிகாரசபை இருக்கவில்லை. இருந்திருந்தால் அதன் தலைவருக்குத் தலை இருந்திருக்காது. பாதை என்றால் ஒருவர் பின் ஒருவராக நடக்கிற ஒற்றையடிப் பாதை. அதை அகலப்படுத்தக் கூடாது. கணவாய்களில் முட்கதவு, கதவுக்குக் காவல், காவலுக்குக் காட்ட முத்திரை. வெளியாளுக்கு வழி தெரியக் கூடாது என்பதுதான் பாதுகாப்பு அமைச்சின் முழுக் கொள்கை. அதில் இரண்டாவது பக்கம் கிடையாது.

லேன் கார்ட் செய்கிற கம்பனிகள் பலவற்றின் கொள்கையும் இதுவேதான். கார்டின் சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்று சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. எந்த அறையில் எந்த எண்ணை எழுதினால் கார்ட் கண்விழிக்கும், எதில் எழுதினால் தரவை வெளியே அனுப்பும், எதை வாசித்தால் உள்ளே வந்த தரவு கிடைக்கும் என்ற விபரமெல்லாம் தெரிந்த புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். விண்டோஸுக்கான டிரைவரைக் கம்பனியே டிஸ்க்கில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடும். லினக்ஸ்காரன் போய் "டிரைவர் வேண்டாம், அறைகளின் பட்டியலை மட்டும் தாருங்கள், நாங்களே எழுதிக்கொள்கிறோம்" என்று கேட்டால் முட்கதவு சாத்தப்படும்.

ஆனால் எந்த முட்கதவுக்கும் ஒரு ராபர்ட் நொக்ஸ் இருப்பான். 1660இல் கொட்டியாரக் குடாவில் தகப்பனோடு பிடிபட்ட ஆங்கில மாலுமி. கண்டி மன்னர் இரண்டாம் ராஜசிங்கனுக்கு வெள்ளைக்காரர்களைச் சேகரிக்கும் பொழுதுபோக்கு இருந்தது. கொல்லவும் மாட்டார், விடவும் மாட்டார். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், வியாபாரி வேஷத்தில் ஊர் ஊராக அலைந்து வழி படித்தான். 1679இல் அநுராதபுரக் காட்டைத் தாண்டி, மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தான். 19 வருடம் கனெக்ஷன் இல்லாமல் கிடந்த மனிதன், லைன் வந்ததும் 1681இல் லண்டனில் புத்தகமே போட்டுவிட்டான். பாதை, முட்கதவு, காவல், அரசனின் குணம் எல்லாம் அதில் உண்டு. கண்டி இராச்சியத்தின் முதல் டேட்டா ஷீட் அதுதான். 84 வருடம் கழித்துக் கண்டிக்கு வந்த ஒல்லாந்தன் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால், மனுவலைத் திறந்து பார்க்காமல் வேலையில் இறங்கும் வழக்கம் நம் காலத்தில் தொடங்கியதல்ல என்று தெரிகிறது.

இளவரசியை இன்ஸ்டால் பண்ணுதல்

1594இல் போர்த்துக்கீசத் தளபதி பெத்ரோ லோப்பஸ் தெ சூசா பெரும் படையோடு மலையேறினார். கையில் ஒரு ரெடிமேட் தீர்வு இருந்தது: கண்டி அரச வம்சத்துக் குசுமாசன தேவி. ஞானஸ்நானம் கொடுத்து தோனா கத்தரீனா என்று பெயர் வைத்து வளர்த்திருந்தார்கள். இளவரசியைச் சிம்மாசனத்தில் போட்டுவிட்டால் மிச்ச நாடு தானாக ஓடும் என்பது கணக்கு. மலைக்கு மேலே காத்திருந்தவரோ கொனப்பு பண்டார. அவரும் போர்த்துக்கீசரே வளர்த்து, தொன் ஜுவான் என்று பெயர் வைத்த ஆள். அவர்களுடைய போர் முறை முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஒக்டோபரில் தந்துரேயில் அந்தப் படை அழிந்தது. கொனப்பு பண்டார இளவரசியைத் தானே கட்டிக்கொண்டு, முதலாம் விமலதர்மசூரியன் என்ற பெயரில் அமர்ந்தார். கொண்டுவந்த சீ.டி. இன்னொருவருடைய மெஷினில் நன்றாக வேலை செய்தது.

கண்டியில் யட்டிநுவர வீதி மாடிகளில் கொம்பியூட்டர் வகுப்புகள் பெருகிய காலத்தில் இதே போர் மறுபடி நடந்தது. கொழும்பு பம்பலப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டிக்குள், லேன் கார்டோடு ஒரு புளொப்பி. புளொப்பிக்குள் 'லினக்ஸ்' என்றொரு ஃபோல்டர்! வகுப்பே கைதட்டும். ஃபோல்டருக்குள் ஒரேயொரு சோர்ஸ் ஃபைல். அது எழுதப்பட்ட கேர்னலும் (லினக்ஸின் கரு) நம் மெஷினில் ஓடும் கேர்னலும் ஒரே சாதியல்ல. கம்பைல் பண்ணச் சொன்னால் திரை நிறைய எரர். அதே டிஸ்க்கில் இருந்த விண்டோஸ் டிரைவர் மட்டும் பக்கத்து மேசையில் ஜாம் ஜாமென்று ஓடும். தெ சூசாவின் முகம் எப்படியிருந்திருக்கும் என்று அந்த நேரத்தில் தெரியும்.

போர்த்துக்கீசன் அதன் பிறகும் அடங்கவில்லை. 1630இல் ரந்தெனிவெல, 1638இல் கன்னொறுவ. இரண்டிலும் அவனுக்காகச் சண்டைபோட வந்த லஸ்கரின் எனும் உள்நாட்டுச் சிப்பாய்கள் கண்டிப் பக்கம் சாய்ந்தார்கள். கன்னொறுவ பேராதனைப் பூங்காவுக்கு அக்கரையில் இருக்கிறது. இப்போது அங்கே விவசாய ஆராய்ச்சி நடக்கிறது. படையெடுப்பைவிட நல்ல விளைச்சல்.

அரிசி வரவில்லை

1765இல் ஒல்லாந்து ஆளுநர் வான் எக் கண்டியைப் பிடித்தேவிட்டார். மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் புத்தரின் புனிதப் பல்லான தலதாவோடு மலைக்குள் நகர்ந்துவிட்டார். நகரம் கையில், ஆனால் சாப்பாடு கையில் இல்லை. அரிசி கரையோரத்திலிருந்து வர வேண்டும். வருகிற பாதை கண்டிக்காரன் கையில். காய்ச்சல் மட்டும் தடையில்லாமல் வந்தது. அந்த வருடமே இறங்கிப் போனார்கள். வான் எக் அதற்கு முன்பே கொழும்பில் கண்ணை மூடிவிட்டார்.

லேன் கார்டுக்கு டிரைவர் வேண்டும். டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட்டுக்குப் போக லேன் கார்ட் வேண்டும். வான் எக்கின் அரிசிப் பிரச்சினை அப்படியே. கட்டுகஸ்தோட்டைப் பையன் இதற்காக பஸ் ஏறி டவுனுக்கு வருவான். இன்டர்நெட் கஃபேயில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி, டயல்-அப் இரைச்சலுக்குக் காது கொடுத்து, 1.44 எம்.பி. புளொப்பியில் டிரைவரை இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். கம்பைல் பண்ண கேர்னல் ஹெடர் வேண்டும் என்று மெஷின் சொல்லும். மறுபடி பஸ். ஹெடர் புளொப்பியில் கொள்ளாது, துண்டு துண்டாக வெட்ட வேண்டும். மறுபடி பஸ். கடைசித் துண்டு வீட்டில் வாசிக்காது. கண்டக்டருக்கே லினக்ஸ் மேல் ஒரு கரிசனம் வந்துவிடும்.

இதில் 2001, 2002 மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மகாவலி கண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. பொல்கொல்லை அணைக்கட்டு கூப்பிடு தூரம். 1985இல் திறந்த விக்டோரியா அணை சற்றுக் கீழே. மின்சாரம் நம் வாசலில் பிறக்கிற பிள்ளை. ஆனால் மழை பொய்த்த வருடத்தில் அந்தப் பிள்ளையை நாள்தோறும் மணிக்கணக்கில் காணவில்லை. பழைய பென்டியத்தில் கேர்னலைக் கம்பைல் பண்ணவும் மணிக்கணக்கு ஆகும். இரண்டு மணிக்கணக்கும் சந்திக்கிற இடத்தில் திரை கறுக்கும். யு.பி.எஸ். வாங்குகிற காசில் இன்னொரு கொம்பியூட்டரே வாங்கலாம் என்று வீட்டில் அப்பா கணக்குச் சொல்வார்.

கரண்ட் இருக்கிற காலத்துக்கு இடி இருந்தது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் ஹந்தானை மலைப் பக்கம் முழங்கினால், டெலிபோன் வயரைக் கழற்ற எல்லா வீட்டிலும் ஓட்டம். கழற்ற மறந்த வீட்டில் மொடமும், அதோடு ஒட்டிய கார்டும் சேர்ந்தே போகும். விண்டோஸா லினக்ஸா என்று இடி பார்ப்பதில்லை. அந்த ஊரில் பாரபட்சமில்லாத ஒரே அதிகாரி அதுதான்.

பச்சை விளக்கு எரியுதே, சேர்!

1803 பெப்ரவரியில் ஆங்கிலேய ஜெனரல் மக்டவல் கண்டிக்குள் நுழைந்தபோது எதிர்க்க ஒருவரும் இல்லை. நகரமே காலி. அதைவிட மோசமான அறிகுறி இருக்க முடியாது, ஆனால் மக்டவல் அதை வெற்றி என்று வாசித்தார். கண்ணுசாமி என்ற ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைக் கழற்றிவிட்டு, முத்துசாமி என்ற உறவுக்காரரை அந்த இடத்தில் செருகினார். முத்துசாமியைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அரசன் இருக்கிறார், சிம்மாசனம் இருக்கிறது, போக்குவரத்து மட்டும் பூச்சியம். மக்டவல் கீழே இறங்கிப் போக, மேஜர் டேவி காய்ச்சல்காரப் படையோடு மிஞ்சினார். ஜூனில் சரணடைந்து வெளியேறினார். வட்டப்புலுவையில் மகாவலி கரைபுரண்டு ஓடியது. தாண்ட வழியில்லை. முத்துசாமியை ஒப்படைத்தார்கள். அவர் கொல்லப்பட்டார், படையும் கொல்லப்பட்டது. டேவி மட்டும் சாகும்வரை கைதி.

லேன் கார்டில் இதற்கு ஒரு பச்சை விளக்கு உண்டு. கேபிளைச் செருகியதும் எரியும். "சேர், லைட் எரியுதே!" என்று பையன் துள்ளுவான். "எரியட்டும் தம்பி, பிங் பண்ணிப் பார்" என்பார் சேர். பிங் போகும், பதில் வராது. இஃப்கான்ஃபிக் என்று அடித்தால் ஈத்-0 என்ற பெயரில் கார்ட் இருக்கிறது, முகவரி இருக்கிறது, வந்த தரவு பூச்சியம். முத்துசாமி கொலுவிருக்கிறார்.

காரணம் பெரும்பாலும் ஐ.ஆர்.கியூ., அதாவது கார்ட் கொம்பியூட்டரைக் கூப்பிட அடிக்கிற மணியின் எண். பழைய ஐ.எஸ்.ஏ. வகைக் கார்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரியும் ஒரு ஐ.ஆர்.கியூ. எண்ணும் வேண்டும். என்.ஈ.2000 வகைக் கார்டுக்கு 300 என்ற முகவரி வழக்கம். எண் 5 என்றால், அங்கே ஏற்கனவே சவுண்ட் பிளாஸ்டர் குடியிருக்கும். 3 என்றால் சீரியல் போர்ட். 7 என்றால் பிரிண்டர். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தால் போதும், இதற்குப் பதினைந்து பார்க்க வேண்டும், ரஜ்ஜு தட்டினால் மெஷினே உறையும். முகவரியைச் சொல்லாமல் விட்டால் லினக்ஸ் தானே கதவு கதவாகத் தட்டித் தேடும். தட்டக் கூடாத கதவைத் தட்டினால் அதற்கும் உறையும். சில கார்டில் எண்ணை மாற்ற ஜம்பர்கூட இல்லை, கம்பனி தந்த டொஸ் புரோகிராம்தான் மாற்றும். அதாவது லினக்ஸில் வேலைசெய்ய வைக்க முதலில் டொஸ்ஸில் பூட் பண்ண வேண்டும். சுதந்திர மென்பொருளின் புனித யாத்திரை மைக்ரோசொஃப்ட் வாசலில் தொடங்கும்.

ஒற்றர் தலைவர்

1803க்குப் பிறகு ஆங்கிலேயனுக்குப் புத்தி வந்தது. அந்தப் புத்தியின் பெயர் ஜோன் டொய்லி. கேம்பிரிஜ்ஜில் படித்தவர். மாத்தறையில் பிக்கு ஒருவரிடம் சிங்களம் படித்தார். துப்பாக்கிக்குப் பதில் நோட்டுப் புத்தகம் எடுத்தார். பிக்குகள், வியாபாரிகள், கோபக்காரப் பிரதானிகள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். எந்தக் கணவாயில் எத்தனை பேர் காவல், எந்த மாகாணத் திசாவைக்கு அரசன் மேல் வெறுப்பு, நெல் எங்கே, ஆற்றில் ஆழம் எவ்வளவு எல்லாம் குறிப்பாகச் சேர்ந்தது. உள்ளே அரசனின் பிரதம அமைச்சராக இருந்த எஹலேபொல அதிகாரமே இந்தப் பக்கம் வந்துசேர்ந்தபோது படம் முழுமையானது. 1815இல் ஆங்கிலேய ஆளுநர் பிரவுன்றிக்கின் படை எட்டுப் பிரிவாக நடந்து போய், சுமார் 40 நாளில், சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லாமல், நாட்டைப் பிடித்தது. பெப்ரவரி 18இல் அரசன் பிடிபட்டார். மார்ச் 2இல் கண்டி அரண்மனையின் மகுல் மடுவையில் ஒப்பந்தம். அரசனின் நாயக்கர் வம்சம் வேலூர்ச் சிறைக்குப் போனது. 221 வருடத்து ரிவேர்ஸ் இன்ஜினியரிங் அத்துடன் முடிந்தது. டொய்லி 1824இல் கண்டியிலேயே இறந்து, அங்குள்ள கரிசன் மயானத்தில் அடங்கினார்.

லினக்ஸின் டொய்லி டொனால்ட் பெக்கர். 1991இல் ஹெல்சிங்கி மாணவன் லினஸ் டோர்வால்ட்ஸ் கேர்னலை வெளியிட்டபோது அதற்கு நெட்வேர்க் என்ற பேச்சே இல்லை. ரோஸ் பைரோ, பிரெட் வான் கெம்பன், அலன் கொக்ஸ் என்று கைமாறித்தான் நெட்வேர்க் பகுதி வளர்ந்தது. கார்டுகளைப் பேசவைத்தவர் பெக்கர். பின்னாளில் நாசாவில் இருந்தவர், 1994இல் சாதாரணக் கொம்பியூட்டர்கள் 16ஐ ஒன்றாகக் கட்டி பியோவுல்ஃப் சூப்பர் கொம்பியூட்டர் செய்த இருவரில் ஒருவர். என்.ஈ.2000 டிரைவர் அவர் எழுதியதே. அந்த ஃபைலைத் திறந்தால் தலைப்பிலேயே காப்புரிமை வரி இருக்கும்: 1993, அமெரிக்க அரசு, தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் இயக்குநர் சார்பில். உலகத்தின் தலைசிறந்த ஒற்றர் நிறுவனம்! யட்டிநுவர மாடியில் பையன்கள் பிங் பண்ணியது ஒற்றர் தலைமையகத்தின் உபயத்தில். டொய்லி மயானத்தில் புரண்டு படுத்திருப்பார், பெருமையில்.

எஹலேபொல வேஷம் கட்டியது நஷனல் செமிகண்டக்டர் கம்பனி. அதன் 8390 சிப்பின் அறைகள் எல்லாம் வெளிப்படையாக அச்சிட்ட டேட்டா ஷீட்டில் இருந்தன. நொவெல் கம்பனி அதை வைத்து என்.ஈ.2000 செய்ய, தைவானில் ஊருக்கு ஊர் அதன் நகல். நகல் நல்லதா கெட்டதா என்று டிரைவர் கார்டின் கையொப்பத்தைப் பார்த்து முடிவெடுக்கும். கையொப்பம் கோணலாக இருந்தால் ஏற்காது. "கெட்டதென்று தெரியும், இருந்தாலும் எடுத்துக்கொள்" என்று வற்புறுத்த ஒரு எண் கொடுக்கலாம். அந்த எண் 0எக்ஸ்-பேட். பதினாறடிமான எண்ணிலேயே 'கெட்டது' என்று எழுதிக் காட்டிய குசும்பு. நம் ஊர்க் கார்டுகள் பலவற்றுக்கு இதுவே பிறப்புச் சான்றிதழ்.

பிறகு வந்தது ரியல்டெக் கம்பனியின் 8139 சிப். மலிவு என்றால் அப்படியொரு மலிவு. ஃப்ரீ பி.எஸ்.டி. என்ற இன்னொரு இலவச இயங்குதளத்துக்கு அதன் டிரைவரை எழுதிய பில் போல் என்பவர், தாழ்ந்த தரம் என்பதற்கே இந்தக் கார்ட் புது வரைவிலக்கணம் தருகிறது என்று ஃபைலுக்குள்ளேயே திட்டி எழுதிவைத்தார். திட்டினாலும் எழுதினார் அல்லவா, அதுதான் விஷயம். லினக்ஸில் இதற்கு இரண்டு டிரைவர்: 8139டூ, 8139சீ.பீ. பிழையானவரிடம் போனால், "இது என் சிப் இல்லை, 8139டூவிடம் போய்ப் பாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பும். நாட்டில் எந்த அலுவலகத்திலும் சரியான ஜன்னலை இவ்வளவு தெளிவாகக் காட்டிக் கண்டதில்லை.

வயர் இல்லாத முட்கதவு

வயர்லெஸ் வந்ததும் பழைய முட்கதவு திரும்ப முளைத்தது. வயர்லெஸ் சிப் செய்யும் புரோட்கொம் வாய் திறக்கவில்லை. விண்டோஸ் டிரைவருக்கே லினக்ஸ் வேஷ்டி கட்டி ஓடவைக்கும் என்.டி.ஐ.எஸ். ரேப்பர் என்ற தந்திரம் கொஞ்சக் காலம் நடந்தது. இதற்குள் ஒரு வேடிக்கை. 2003இல் சக்கைபோடு போட்ட லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜீ. ரவுட்டருக்குள் இருந்தது புரோட்கொம் சிப், அதை ஓட்டியது லினக்ஸ். வெளியே லினக்ஸுக்கு அனுமதியில்லை என்ற வீட்டில் சமையற்காரனே லினக்ஸ்.

கடைசியில் ஆர்வலர்கள் டொய்லியின் முறைக்கே வந்தார்கள். ஒரு குழு புரோட்கொமின் டிரைவரைப் பிரித்துப் பார்த்து, சிப் எப்படி நடக்கிறது என்று குறிப்பு மட்டும் எழுதும். அந்த டிரைவரைக் கண்ணாலும் காணாத இன்னொரு குழு, குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதும். 2006இல் 2.6.17 கேர்னலில் அது ஏறியது. 2010இல் புரோட்கொமே தன் திறந்த டிரைவரோடு வெளியே வந்தது. பிரதானிகள் கையெழுத்துப் போட வந்துசேர்ந்தார்கள் என்று கொள்க.

நாடு பிடிபட்டதும் கதை முடிந்ததா என்றால் இல்லை. 1817-18இல் ஊவாவில் கலகம். ஆங்கிலேயர் அடக்க அனுப்பிய கண்டிப் பிரதானி கெப்பெட்டிபொல, அரசாங்கத்தின் ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கலகக்காரரோடு சேர்ந்தார். 1818 நவம்பரில் கண்டியின் போகம்பரையில் அவர் தலை வீழ்ந்தது. லினக்ஸின் 1818 நடந்தது 2008இல். பரீட்சையில் இருந்த 2.6.27 கேர்னலைப் போட்டவர்கள் சிலரின் இன்டெல் கார்டுகள் செத்தன. கார்டின் உள்நினைவே அழிந்தது. எல்லோரும் இன்டெல் டிரைவரைத் திட்டினார்கள். தேடிப் பார்த்தால் குற்றவாளி எஃப்ட்ரேஸ், கேர்னலில் பிழை கண்டுபிடிக்க வைத்திருந்த கருவி. அடக்கப் போன ஆளே கலகத்தில். ஒக்டோபரில் அந்தக் கேர்னல் வெளிவந்த பிறகுதான் உண்மையான குற்றவாளி பிடிபட்டது.

பிறகு ஆட்சி நிலைத்ததும் எல்லா ஆட்சியும் செய்கிற வேலை, பெயர் மாற்றம். கண்டியின் வார்ட் வீதி தலதா வீதியானது. 2013இல் லினக்ஸைத் துவக்கிவைக்கும் சிஸ்டம்டீ புரோகிராம்காரர்கள் ஈத்-0வை ஈ.என்.பி.3.எஸ்.0 என்ற ரகப் பெயராக்கினார்கள். இது குழப்பத்தைத் தவிர்ப்பதற்காம். பழைய ஆட்கள் இன்னும் ஈத்-0 என்றுதான் தேடுகிறார்கள்.

இப்போது பெரும்பாலான கார்டுகள் செருகியதும் வேலை செய்கின்றன. பையன்களுக்கு டிரைவர் என்றால் பஸ் ஓட்டுகிறவர் மட்டும்தான். கணக்கை முடித்துப் பார்த்தால் நீதி கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது. வழி காட்டிய எஹலேபொல சிம்மாசனத்தை எதிர்பார்த்தார். 1825இல் மொரீசியஸுக்கு ஏற்றினார்கள், 1829இல் அங்கேயே முடிந்தார். எல்லோருடைய வசவையும் வாங்கிய ரியல்டெக்கோ இன்று மதர்போர்ட் மதர்போர்டாகக் குடியிருக்கிறது. இரகசியம் காத்த கண்டி இரண்டு நூற்றாண்டு தலைநிமிர்ந்து நின்றது. இரகசியம் காத்த கார்டுகள் குப்பைக் கூடையில். காட்டிக்கொடுப்பது நாட்டுக்குத் துரோகம், சிப்புக்கு மோட்சம்.

ஆகவே லினக்ஸுக்கு யு.எஸ்.பி. வயர்லெஸ் குச்சி வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் போட்ட வேகத்தைப் பார்க்க வேண்டாம், சிப்பின் பெயரைக் கேளுங்கள். ஒரே மொடல் நம்பரில், ஒரே பெட்டியில், இந்த மாதம் ஒரு சிப்பும் அடுத்த மாதம் வேறு சிப்பும் வரும். "எல்லாம் ஒன்றுதான் அண்ணே, செருகினா வேலை செய்யும்" என்று கடைத் தம்பி சிரித்தால், நீங்களும் சிரித்துவிட்டு பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மக்டவலிடம் பில் இருக்கவில்லை.